போலித் தொலைபேசிக் கம்பியில் பழைய மோடத்தைச் சோதிப்போர்க்கு

பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளைச் சேகரித்தும் பழுதுநீக்கியும் அருங்காட்சியகங்களில் பேணியும் வரும் அன்பர்களுக்கு,

கைமாறும் பழைய கன்சோல்களோடு, அதாவது தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவிகளோடு, வரும் குறிப்புச் சீட்டுகளில் மோடம் நன்றாக இருக்கிறது என்றோ மோடம் போய்விட்டது என்றோ ஒற்றை வரித் தீர்ப்பு எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு எத்தகைய கம்பியில் இணைத்துப் பார்த்து வழங்கப்பட்டது என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. தரவை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதும், அங்கிருந்து வரும் ஒலியை மீண்டும் தரவாக்குவதுமே மோடத்தின் தொழில் என்பதால், அது பழுதா இல்லையா என்ற கேள்விக்கு மோடம், கம்பி, மறுமுனை ஆகிய மூன்றும் சேர்ந்தே விடை சொல்கின்றன. கம்பியை ஒருவர் தம் மேசைமேல் தாமே உருவாக்கிக்கொள்ளும்போது அதுவும் ஐயத்துக்கு உரியதாகிறது. நடைமுறையில் அந்த ஐயம் எழுவதில்லை. இணைப்பு கிடைக்காதபோது, ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது போலப் பழி முழுவதும் மோடத்தின் தலையில் விழுகிறது. போலிக் கம்பி எதைப் போலச் செய்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை எழுதாத எந்தச் சோதனை முடிவையும் முடிவாகக் கொள்ளக்கூடாது என்று வலியுறுத்தவே இம்மடல் எழுதப்படுகிறது.

எடுத்துக்காட்டாகச் சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவியையே பெரும்பாலும் கொள்ளலாம். 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானிலும், 1999 செப்டம்பர் 9 அன்று வட அமெரிக்காவிலும், அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்த இக்கருவியின் பக்கவாட்டில் கழற்றி மாட்டக்கூடிய மோடம் ஒன்று இருந்தது. ஜப்பானிய, ஐரோப்பியக் கருவிகளில் அதன் உச்ச வேகம் வினாடிக்கு 33,600 பிட் என்றும், வட அமெரிக்கக் கருவிகளில் 56,000 பிட் என்றும் வகுக்கப்பட்டிருந்தது. 2001 ஜனவரி 31 அன்று சேகா இதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன் போன்ற விளையாட்டுகள் தொலைபேசி வழியே ஆடப்பட்டு வந்தன. டிரீம்காஸ்டுக்கு முன்பே, 1988இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு ஒரு மோடம் வந்து பங்குச்சந்தை வணிகத்துக்குக்கூடப் பயன்பட்டது. 1994இல் அமெரிக்காவில் எக்ஸ்பேண்ட் என்ற வினாடிக்கு 2,400 பிட் மோடமும், 1996இல் சேகா சாட்டர்னுக்கு நெட்லிங்க் என்ற 28,800 பிட் மோடமும் வந்தன. இவற்றின் குணங்கள் ஒன்றுபோல் இல்லை என்பது பின்னர் முக்கியமாகும்.

சோதனைக்கு உண்மைக் கம்பியையே பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி நியாயமானதுதான். உண்மைக் கம்பி எங்கே என்பதுதான் சிக்கல். ஜப்பானில் 2024 ஜனவரி முதல் தொலைபேசி இணைப்பகங்களுக்கு இடையிலான பழைய முறை இணைய நெறிமுறைக்கு மாற்றப்பட்டது, பிரிட்டனில் செம்புக் கம்பித் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரி இறுதிக்குள் மூடத் திட்டமிடப்பட்டுள்ளது, அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் தொலைபேசி வழி இணையச் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று முடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் கண்ணாடி இழை இணைப்பு வாங்கியவர் வீட்டில் லேண்ட்லைன் என்ற பெயரில் இருப்பதும், சுவரில் மாட்டிய பெட்டியின் பின்புறத் துளையில் அந்தப் பெட்டியே உண்டாக்கித் தரும் கம்பிதான். ஆகவே உண்மைக் கம்பியில் சோதித்தேன் என்று ஒருவர் இன்று சொன்னாலும், அவர் சோதித்தது வேறொருவர் செய்த போலிக் கம்பியில் என்றே கொள்ள நேரிடும்.

இணைப்பகம் செம்புக் கம்பியில் செய்துவந்த வேலைகள் நான்கு. முதலாவதாக, ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை எப்போதும் கம்பியில் வைத்திருந்தது. ரிசீவரை எடுத்ததும், அல்லது மோடம் தன் ரிலேயை மூடியதும், சுற்று நிறைவடைந்து மின்னோட்டம் பாய, யாரோ அழைக்க விரும்புகிறார் என்று இணைப்பகம் அறிந்துகொண்டது. இரண்டாவதாக, டயல் டோன் என்ற தயார் ஒலியை அனுப்பியது. மூன்றாவதாக, அழைக்கப்படுபவரின் கம்பியில் மணி அடிப்பதற்கான உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தியது. நான்காவதாக, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை இரு திசைகளிலும் கொண்டுசென்றது. மேசைமேல் செய்யப்படும் கம்பிகளில் பல இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் செய்கின்றன.

மிக எளியது, ஒரு 9 வோல்ட் மின்கலத்தையும் 390 ஓம் மின்தடையையும் இரு மோடங்களுக்கு இடையிலான இரண்டு கம்பிகளுள் ஒன்றில் தொடராகக் கோத்து, அவற்றுக்கு இணையாக 0.22 மைக்ரோஃபாரட் போன்ற சிறு மின்தேக்கி ஒன்றை வைக்கும் சுற்று. இதன் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கம்பியின் முனைகள் தலைகீழாக மாறினாலும் வேலை செய்வதற்காக மோடங்களின் உள்ளே நான்கு டயோடுகள் கொண்ட பாலம் ஒன்று இருப்பதால், ஒவ்வொரு மோடமும் ஏறத்தாழ 1.4 வோல்ட்டை அங்கேயே விழுங்கிவிடும். இரண்டும் சேர்ந்து 2.8 வோல்ட் போக மீதமிருப்பது 6.2 வோல்ட். மோடங்களின் மற்ற உறுப்புகள் எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 390 ஓம் வழியே பாயக்கூடியது 16 மில்லி ஆம்பியருக்குள்தான். உண்மையில் பாய்வது அதைவிடக் குறைவு. உண்மைக் கம்பியின் நிலை வேறு. 48 வோல்ட், இணைப்பகத்தில் 400 ஓம், கிலோமீட்டருக்கு 280 ஓம் வீதம் 0.4 மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 3 கிலோமீட்டர் தூரத்துக்கு 840 ஓம், மோடத்தில் 6 வோல்ட் வீழ்ச்சி என்று கொண்டால் 34 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. அதாவது இணைப்பகத்திலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டில்கூட, மேசைமேல் அரை அடி தூரத்தில் இருக்கும் மின்கலம் தருவதைப்போல் இருமடங்குக்கும் மேலான மின்னோட்டம் கிடைத்தது.

இந்தச் சுற்றில் பல மோடங்கள் இணைந்துவிடுகின்றன என்பது உண்மை. அதற்குக் காரணம் அவற்றின் சகிப்புத்தன்மை. போதிய மின்னோட்டம் இருந்தால்தான் கம்பி உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்ளும் கண்டிப்பான மோடம் இதே சுற்றில் கம்பி இல்லை என்று பிழை காட்டினால், அது பழுதன்று, சரியான நடத்தை. 9 வோல்ட்டை 24 வோல்ட் ஆக்கினால் நிலைமை பெரிதும் சீராகிறது: ஒவ்வொரு மோடமும் 6 வோல்ட் எடுத்தாலும் மீதி 12 வோல்ட் 390 ஓம் வழியே ஏறத்தாழ 31 மில்லி ஆம்பியரைத் தருகிறது. அப்போது மின்தடை 0.37 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், கையில் கிடைக்கும் கால் வாட் மின்தடை கருகும். ஒரு வாட் உறுப்பே பாதுகாப்பானது. மின்தேக்கியைப் பொறுத்தவரை, 0.22 மைக்ரோஃபாரட் அளவுக்கு 300 ஹெர்ட்ஸில் 2,400 ஓம் அளவு எதிர்ப்பு இருப்பதால், அங்கே ஒலி அதன் வழியே போகாமல் 390 ஓம் வழியேதான் போகிறது. மேல் அதிர்வெண்களில் மட்டும் சிறிது உதவுகிறது. அது இல்லாவிட்டாலும் இழப்பு 2.5 டெசிபெலுக்குள் அடங்கும் என்பதால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

மின்னூட்டும் அடாப்டர் தரையோடு இணைப்பில்லாமல் மிதக்கும் வகையாக இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். தொலைபேசிக் கம்பியின் இரு இழைகளும் தரையைப் பொறுத்துச் சமநிலையில் இருப்பதால்தான் வெளியிலிருந்து ஏறும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று நீக்கிக்கொள்கிறது. ஓர் இழை மட்டும் தரையோடு சேர்ந்துவிட்டால் 50 ஹெர்ட்ஸ் முனகலும் மலிவான அடாப்டர்களின் இரைச்சலும் நேரே மோடத்துக்குள் நுழைகின்றன. அடிக்கடி அறுபடும் இணைப்புகளில் மோடத்தைத் திறப்பதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது டயல் டோன். மோடம் ரிலேயை மூடியபின் எண்ணைச் சுழற்றுவதற்கு முன் இந்த ஒலிக்காகக் காத்திருக்கிறது. ஒலி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டின் கலப்பு. பிரிட்டனில் 350, 450. ஜப்பானில் 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி. கணினி மோடமானால் ஏ.டி.எக்ஸ்.3 என்ற கட்டளையைக் கொடுத்து டோனுக்குக் காத்திராமல் குருட்டாம்போக்கில் எண்ணைச் சுழற்றச் செய்யலாம். கன்சோலிலோ அந்தக் கட்டளை விளையாட்டு மென்பொருளின் கையில் இருக்கிறது. டிரீம்காஸ்ட் அன்பர்களிடையே பரவலாக உள்ள ஏற்பாட்டில், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோடு இணைத்த யு.எஸ்.பி. மோடம் முதலில் குரல் நிலையில் நின்று டயல் டோனை ஒலிக்கிறது. கன்சோல் அனுப்பும் எண் ஒலிகளைக் கேட்டறிந்து, பின்னர் தரவு நிலைக்கு மாறிப் பதில் கொடுக்கிறது. எண் ஒலி ஒவ்வொன்றும் 697 முதல் 941 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த நான்கில் ஒன்றும் 1,209 முதல் 1,633 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த நான்கில் ஒன்றும் சேர்ந்த கலப்பு என்பதால், அதைக் கேட்பது எளிய வேலையே. மிகச் சாமர்த்தியமான ஏற்பாடு இது. விளையாடுவதற்கு இதைவிட மேலானது தேவையில்லை. ஆனால் சோதனைக்கருவி என்ற வகையில் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: இங்கே மணி அடிப்பதே இல்லை.

டிரீம்காஸ்டுக்கு அது பெரும்பாலும் பொருட்டில்லை. அது சேவை நிறுவனத்தை அழைக்கும் கருவியாகவே பயன்பட்டது. சாட்டர்ன் நெட்லிங்கிலோ ஒரு வீட்டுக் கன்சோல் இன்னொரு வீட்டுக் கன்சோலை நேரே அழைத்தது; எக்ஸ்பேண்டிலும் மைய வழங்கி எதிராளியைத் தேர்ந்து தந்தபின் இரு கருவிகளுள் ஒன்று அழைப்புக்காகக் காத்திருந்தது. ஆகவே அவற்றில் மணியை உணரும் பகுதி பழுதானால் பாதி ஆட்டங்கள் கைகூடா. அமெரிக்க இணைப்பகங்கள் 90 வோல்ட் அளவில் 20 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தையும், பிரிட்டன் இணைப்பகங்கள் 25 ஹெர்ட்ஸையும் மணிக்கு அனுப்பின. கையில் பட்டால் நன்றாகவே உதறும் அளவு இது. வீட்டில் மின்மாற்றியைக் கொண்டு இதைச் செய்துபார்க்க முனைவதை இம்மடல் பரிந்துரைக்காது. மணி தேவைப்படுவோர் அதைத் தரும் ஆயத்தப் பெட்டியை வாங்கிக்கொள்வதே முறை. மேசைச் சுற்று எதையும் பொதுத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

ஒலி போகும் பாதையில் பலரும் கவனிக்காத ஒன்று, மேசைக் கம்பி அளவுக்கு மீறி நல்லதாக இருப்பது. உண்மைக் கம்பியில் ஒலி இரு முனைகளின் செம்பையும் இணைப்பகங்களையும் கடந்து வரும்போது கணிசமாகத் தேய்ந்துவிடும். மோடத்தின் செவி அந்தத் தேய்ந்த ஒலிக்காகவே வடிவமைக்கப்பட்டது. அரை அடிக் கம்பியில் தேய்மானமே இல்லாமல் பாயும் ஒலி சில மோடங்களின் செவியை நிரப்பித் திணறடிக்கிறது; மறுபக்கம், செவி மந்தமாகிப்போன பழுதான மோடமும் இங்கே நன்றாகவே கேட்பதால் தேர்ச்சி பெற்றுவிடுகிறது. இரண்டாவது பிழையே ஆபத்தானது. இதற்கு மருந்து 600 ஓம் மின்மறுப்புக்குப் பொருத்தமான 10 டெசிபெல் தணிப்பான் ஒன்றை நடுவில் வைப்பது. மின்மறுப்பு என்பது மாறுமின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பு. ஒவ்வோர் இழையிலும் 156 ஓம் அளவுக்கு இரண்டு மின்தடைகளும், அவற்றின் நடுவே இரு இழைகளையும் குறுக்கே இணைக்கும் 422 ஓம் மின்தடை ஒன்றும் இருந்தால் போதும். கடையில் கிடைக்கும் 150, 430 ஓம் உறுப்புகள் நடைமுறைக்குப் பொருந்தும். குறுக்கு மின்தடை நேர்மின்னோட்டத்தைத் திருடிவிடும் என்பதால் தணிப்பானின் இருபுறமும் மின்தேக்கிகளை வைத்துத் தடுக்கவும், ஒவ்வொரு மோடத்துக்கும் தனித்தனியே மின்னூட்டவும் வேண்டும். அந்த மின்னூட்டல் ஒலியை விழுங்காதிருக்க அதன் வழியில் மின்தூண்டி ஒன்று தேவைப்படும். பழைய இணைப்பகங்களில் ரிலேயின் கம்பிச் சுருளே அந்த வேலையையும் சேர்த்துச் செய்தது.

கம்பியில் சிறு மின்தேக்கி வழியாக ஒலிபெருக்கி ஒன்றை ஒட்டுக்கேட்க வைத்தால், இணைப்பு எங்கே முறிகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். பதிலளிக்கும் மோடம் முதலில் 2,100 ஹெர்ட்ஸ் ஒலியை மூன்று வினாடிக்கு மேல் எழுப்புகிறது. எதிரொலி நீக்கிகளை முடக்குவதற்காக அதன் அலை 450 மில்லி வினாடிக்கு ஒருமுறை தலைகீழாக்கப்படுவதால் நீண்ட ஒலியின் நடுவே சிறு துடிப்புகள் கேட்கும். பின்னர் இரு மோடங்களும் வினாடிக்கு 300 பிட் என்ற மெதுவான வேகத்தில் தம் திறன்களைப் பரிமாறிக்கொள்கின்றன. அதன்பின் வரும் கணீரென்ற கலவை ஒலிதான் கம்பியை அளக்கும் ஒலி; 150 முதல் 3,750 ஹெர்ட்ஸ் வரை பல ஒலிகளை ஒருசேர அனுப்பி, எந்த அதிர்வெண் எவ்வளவு தேய்ந்து வருகிறது என்று மறுமுனை கணக்கிடுகிறது. 1990களின் பிற்பகுதியில் இந்தியாவில் தொலைபேசி வழி இணையம் பயன்படுத்தியவர்களுக்கும் பழக்கமான அதே கூச்சல்தான் இது. முதல் ஒலிக்கே கன்சோல் அசையவில்லை என்றால் செவிப்பகுதியிலும், அளவு ஒலிக்குப் பின் முறிந்தால் கம்பியின் இரைச்சலிலும், எல்லாம் முடிந்து சீறல் ஒலி சீராக ஓடும்போது திரையில் பிழை வந்தால் மோடத்துக்கு அப்பால் கடவுச்சொல், இணைய முகவரி ஆகியவற்றிலும் பழுதைத் தேடலாம்.

வேகத்தைப் பற்றிய ஒரு தவறான தீர்ப்பு தொடர்ந்து வழங்கப்பட்டு வருகிறது. அமெரிக்க டிரீம்காஸ்ட் 56,000 பிட் மோடமாயினும், அந்த வேகம் மறுமுனை இணைப்பகத்தோடு எண்முறையில் நேரடியாக இணைந்திருந்தால் மட்டுமே கிடைத்தது. சேவை நிறுவனங்கள் அப்படித்தான் இணைந்திருந்தன. இரண்டு சாதாரண மோடங்களை எதிரெதிரே வைத்தால் 33,600 என்பதே உச்சம். அதுவும் 3,600 ஹெர்ட்ஸுக்கு மேல் வரை திறந்த பாதையைக் கேட்பதால், 3,400 ஹெர்ட்ஸில் வடிகட்டும் கருவிகள் வழியே 31,200 அல்லது அதற்குக் கீழே நிற்பது இயல்பு. மோடம் பலவீனமடைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம்.

நான்கு வேலைகளையும் செய்யும் மலிவான கருவி எது என்று கேட்டால், அலுவலகங்களும் விடுதிகளும் கழித்துக்கட்டிய, இ.பி.ஏ.பி.எக்ஸ். என்ற உள் இணைப்பகப் பெட்டி என்பதே விடை. காயலான் கடைகளில் எடைக்குப் போகும் அந்தப் பெட்டியின் இரண்டு எக்ஸ்டென்ஷன்களில் மின்னழுத்தம், டயல் டோன், மணி, ஒலிப்பாதை எல்லாம் உண்டு. சில பெட்டிகள் 48க்குப் பதிலாக 24 வோல்ட் அளவே தரும் என்பதால் அளந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தபடியாக, சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு சேர்க்கும் ஏ.டி.ஏ. என்ற சிறு பெட்டியைப் பயன்படுத்தலாம். அதில் குரலைச் சுருக்கும் ஜி.729 போன்ற முறைகளை நீக்கி, சுருக்காத ஜி.711 முறையை மட்டும் வைத்து, எதிரொலி நீக்கத்தையும் மௌனத்தில் ஒலியை நிறுத்தும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். பேச்சுக்கு நன்மை செய்யும் இவ்விரண்டும் மோடத்தின் ஒலியைச் சிதைக்கின்றன.

ஏ.டி.ஏ.வில் கடிகார வேறுபாடு என்ற நுட்பமான பொறியும் உண்டு. தனித்தனிப் பெட்டிகள் இரண்டைப் பயன்படுத்தினால், வினாடிக்கு 8,000 முறை ஒலியை அளக்கும் அவற்றின் கடிகாரங்கள் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் இருபது பங்கு வேறுபாடு இருந்தாலே வினாடிக்கு 0.16 அளவீடு மிஞ்சுகிறது அல்லது குறைகிறது. 20 மில்லி வினாடிப் பொட்டலத்துக்கு 160 அளவீடு என்பதால், 1,000 வினாடிக்கு ஒருமுறை ஒரு முழுப் பொட்டலம் விழுங்கப்படும் அல்லது வெற்றிடம் செருகப்படும். அந்த நொடியில் மோடங்கள் தடுமாறி மீண்டும் கம்பியை அளக்கத் தொடங்கும்; விளையாட்டோ இணைப்பு அறுந்ததாகக் கருதிவிடக்கூடும். பதினேழு நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக அறுபடும் இணைப்பைக் கண்டு மோடத்தின் வெப்பப் பழுது என்று முடிவுகட்டுவது எளிது. ஒரே பெட்டியின் இரண்டு துளைகளுக்கிடையே அழைத்தால் கடிகாரம் ஒன்றே என்பதால் இந்த நோய் வருவதில்லை.

மணியடிக்காத நிலையில், ரிலே திறந்திருக்கும்போது மோடத்தின் கசிவையும் அளப்பது நல்லது. 5 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்பது அமெரிக்க விதி. 48 வோல்ட்டில் அது 10 மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்கும். கசிவு அதைவிட மிகுதியாக இருந்தால், என்றோ விழுந்த இடி கம்பி வழியே வந்து மின்காப்பு உறுப்பைப் பாதித்திருக்கலாம். அத்தகைய மோடம் மேசையில் நன்றாக இணைந்தாலும் உண்மை இணைப்பகத்தைக் குழப்பியிருக்கும்.

ஆகவே குறிப்புச் சீட்டில் அன்பர்கள் எழுத வேண்டியவை: திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் கம்பியின் மின்னழுத்தம், பாய்ந்த மின்னோட்டம், டயல் டோன் எந்த நாட்டினது, மணி அடிக்கப்பட்டதா, நடுவில் எத்தனை டெசிபெல் தணிப்பு, மறுமுனையில் எந்த வகைக் கருவி, கிடைத்த வேகம், இணைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது. கடைசியாகச் சொன்னது அரைமணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், மேலே சொன்ன கடிகாரப் பொறி அதற்குள் ஓரிரு முறைக்கு மேல் வெளிப்பட்டிருக்காது என்பதால், அந்தச் சோதனையை இன்னொரு முறை நீட்டி நடத்திய பிறகே சீட்டை ஒட்டலாம்.